மாமா பூட்டிய டர்போ

எங்கள் கார் மலை ஏறாது என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்பா அதை அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அம்மா பிறந்த வீடு மணிமுத்தாறு அணைக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. தாத்தா குடும்பமே அங்கே கொழுந்து பறித்தவர்கள். அப்பா குடும்பமோ ஆற்றோரத்தில் வயலும் தோப்புமாக வாழ்ந்து, அதெல்லாம் கைவிட்டுப் போனபின் பெருமையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். கல்லூரியில் பார்த்துப் பழகி, இரண்டு பக்கமும் மல்லுக்கட்டி நடந்த கல்யாணம் அது.

பள்ளிக்கூட லீவு வந்தால் அம்மாவும் நானும் பஸ்ஸில் மலைக்குப் போவோம். அப்பா வர மாட்டார். பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, கார் மலை ஏறாது. வாடகைக் கார் பிடிக்கலாமே என்று அம்மா ஒரு வருடம் கேட்டாள். சொந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் போய் இறங்கினால் பார்க்கிறவன் சிரிப்பான் என்றார். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு, கல்யாணம் நிச்சயமானது. மலையிலேயே கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது, பெண் வீட்டின் மூத்த மருமகன்தான் முன்னால் போய் மாலை போட்டு அழைத்துவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் இல்லையென்றால் ஆயிரம் பேச்சு கிளம்பும். வந்த மருமகனே மதிக்காத வீடு இது, நாம் ஏன் இங்கே பெண் எடுத்தோம் என்பார்கள். அம்மாவுக்கு இந்த நினைப்பிலேயே சோறு செல்லவில்லை. அப்பாவிடம் கேட்டாள்.

"எனக்கு வரக் கூடாதுன்னா இருக்கு? வண்டி ஏறணும்லா" என்றார் அப்பா.

அந்தச் சமயம் பார்த்துக் கார் புகை தள்ள ஆரம்பித்தது. அம்மாவின் தம்பியான என் மாமா பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்கை மாற்றச் சொல்லி அப்பா வண்டியை அவரிடம் விட்டார். மாமாவுக்கு அத்தான் சொல் வேதவாக்கு. வண்டி ஏறாது என்று அத்தான் சொன்னால், வண்டியை ஏற வைத்துவிட்டால் போயிற்று. இன்ஜினை இறக்கி டர்போ பூட்டப் போவதாக அம்மாவிடம் மட்டும் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் தெரிந்துபோனது. அன்றிலிருந்து எனக்கும் சோறு செல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மாவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எங்கள் கார் பொக்கை வாயைத் திறந்துகொண்டு நின்றது. இன்ஜின் சாக்கு விரிப்பின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. அப்பா இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரிந்தார். பழைய டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய, நத்தை போலச் சுருண்ட ஒரு இரும்பை எங்களுக்குக் காட்டினார். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை இதற்குள் ஒரு விசிறியைச் சுற்றுமாம். அதோடு சேர்ந்து சுற்றும் இன்னொரு விசிறி காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுமாம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், வண்டி இழுக்கும்.

"ஏலே, அமுக்கி அமுக்கி வெடிச்சிராதுல்லா?" என்று கேட்டாள் அம்மா.

"அதுக்குத்தானக்கா பிஸ்டனையே மாத்துதேன். பழசு தாங்காது."

தாங்காது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. புது பிஸ்டனின் தலை குழிவாக இருக்கும், அதனால் அமுக்கம் மட்டுப்படும் என்று அவர் விளக்கியதெல்லாம் வீணாகப் போயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய பிஸ்டன் வரவில்லை. வந்தபோது, அதற்குத் தக்கபடி சிலிண்டரைக் கடைந்து தர வேண்டிய லேத்காரர் ஊரில் கோயில் கொடை விழா என்று பட்டறை பூட்டிக் கிடந்தது. ரிங் மாற்ற இத்தனை நாளா என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருப்பாள். ஒருவழியாக இன்ஜினைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால், டர்போவுக்குப் போகும் குழாயில் ஆயில் ஒழுகியது. அதைச் சரிசெய்தபின், புது ரிங் பதிய வேண்டும், அதுவரை விரட்டக் கூடாது என்று திசையன்விளைக்கும் உவரிக்குமாக மாமா மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா துஷ்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பியதும், மாமா எங்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு விட்டார். அணையைத் தாண்டி முதல் வளைவு வந்ததுமே பானெட்டுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. வெடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது அணைத் தண்ணீர் எங்கோ கீழே கிடந்தது. எஸ்டேட் பஸ் பின்னால் முக்கிக்கொண்டு வந்தது.

"ஏறுதுலே!" என்று கத்தினாள் அம்மா. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அப்பா வெளியே வந்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அத்தான், கோவப்படாதிய. டர்போ பூட்டிட்டேன். இன்னைக்கு மலைக்கே போயிட்டு வந்துட்டோம். விருட்டுன்னு ஏறுது" என்று மாமா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அப்பா திட்டவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் குனிந்து பார்த்தார். "கெட்டிக்காரன்தாம்வே நீரு" என்றார். பிறகு பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

"ஏறிரும், சரி. இறங்கணும்லா? பிரேக்கு பழசுல்லா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது ஏன் இவர்கள் யாருக்கும் தோன்றவில்லை என்று அப்பாவின் புத்தியை மெச்சிக்கொண்டேன். அதே பிரேக்கில்தான் சற்றுமுன் நாங்கள் இறங்கி வந்தோம் என்பது என் நினைவுக்கே வரவில்லை. அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் மாமாவிடம் ஓடினேன்.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குல்லா மாமா, பிரேக்கையும் மாத்திருவோமா?"

மாமா கையிலிருந்த அழுக்குத் துணியால் முகத்தைத் துடைத்தார். கன்னமெல்லாம் கிரீஸ் அப்பியது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய இன்ஜினைப் பிரித்துக் கோர்த்தவருக்கு, பிரேக் மாற்றுவதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.