பிளஸ் பக்கம் போன முள்

எங்கள் அத்தாவின் லாரிக்கு என்னைவிட வயது அதிகம். அத்தா வாங்கும்போதே அது இரண்டு கை மாறியிருந்தது. கிலோமீட்டர் காட்டும் எண்கள் ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்து, இரண்டாவது சுற்றின் பாதியில் போதுமென்று நின்றுவிட்டன. அத்தாவும் அப்போது ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்திருக்கிறார். ஒன்பது வயதில் எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அத்தா என்றால் டீசல் வாசனை, அவ்வளவுதான்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஊர். அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றுவார். மற்ற நாளில் வைக்கோல், உமி, செங்கல் என்று எது கிடைக்கிறதோ அது. எங்கள் பக்கத்தில் மேடு என்று ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் வாய்க்கால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் பாலத்துச் சரிவில்தான் லாரி நிற்கும், சக்கரத்துக்குக் கருங்கல் முட்டுக் கொடுத்து. பேட்டரியில் சார்ஜ் நிற்காது. அதனால் காலையில் கல்லை எடுத்துவிட்டு உருட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சரிவு முடிவதற்குள் பிடித்துக்கொண்டால் அன்றைக்குப் பிழைப்பு உண்டு. பிடிக்காவிட்டால் அத்தா டீக்கடைப் பக்கம் நடந்து வருவார். அவர் தலை தெரிந்ததுமே நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளுவதற்கு எழுந்துகொள்வார்கள். அத்தா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடப்பார்.

சார்ஜ் ஏன் ஏறவில்லை என்று பார்க்காத ஆளில்லை. டைனமோ என்றார் ஒருவர். கும்பகோணம் கொண்டுபோய்ப் புதுக்கம்பி சுற்றி வந்தார்கள். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவிலிருக்கும் கட்-அவுட் என்றார் இன்னொருவர், அதுவும் மாறியது. பெல்ட் மாறியது, பேட்டரி மாறியது. இத்தனை புதுச் சாமான் சேர்ந்தும் லாரி மட்டும் பழையதாகவே இருந்தது.

இதில் எனக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆம்ப்ஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிறிய வட்டக் கண்ணாடி, நடுவில் முள். சார்ஜ் ஏறினால் பிளஸ் பக்கம் போகும், இறங்கினால் மைனஸ். அத்தா பானெட்டுக்குள் கையை விட்டு எஞ்சினை உறும வைத்துக்கொண்டே கேட்பார், முள் எங்கே நிற்கிறதென்று. அங்கேயே நிற்கிறது என்பேன். ஒரு வருஷமாக நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

அந்த முள்மேல் எனக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. சவூதியிலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, டிரைவர் விசா ஒன்று பேசிவைத்திருப்பதாக எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சபராளி உண்டு. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களுக்கு அதுதான் பெயர். அத்தா மட்டும், லாரி ஓடினால் நான் எதற்குப் போக வேண்டும் என்பார். ஆகவே கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. முள் நகர்ந்தால் அத்தா இருப்பார். நகராவிட்டால் போய்விடுவார்.

சம்பா அறுப்பில் ஒருநாள் மூட்டை ஏற்றிக்கொண்டு போகையில் ரயில்வே கேட்டில் எஞ்சின் அணைந்துவிட்டது. லோடு லாரியைத் தள்ள முடியாது. வானம் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி மழை பிடித்தது. தார்ப்பாயில் ஓட்டை. கூலி வேலை செய்து வந்த ஒருவர், முதன்முதலாகச் சொந்தமாக நிலம் பிடித்து விளைவித்த நெல் அது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிட்டார்கள். அவர் சண்டை போட்டிருந்தால் அத்தா தாங்கியிருப்பார். அவரோ, "மழ பெய்ஞ்சா நீங்க என்ன பாய் பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு, நனைந்த மூட்டைகளைத் தானே இறக்கி அவிழ்த்துப் பரப்பினார். வீட்டுக்கு வந்த அத்தா சாப்பிடவில்லை. மறுநாளே மாமாவுக்குச் சம்மதம் எழுதினார்.

விசா வந்ததும் பயணம் சொல்லப் புறப்பட்டோம். எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். வெளிநாடு போகிறவர் சொந்தக்காரர் வீடு, தெருவார் வீடு எல்லாம் ஏறி, பயணம் போகிறேன், துவா செய்யுங்கள், குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வைத்தார்கள். அங்கிருக்கும் தங்கள் பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லி மசாலாப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நெல்லுக்காரர் வீட்டுக்கும் போனோம். அங்கேதான் அத்தா வெகுநேரம் நின்றார்.

பயணம் சொன்னவர் திரும்பக் கூடாது. ஏஜெண்டு ஏமாற்றியதால் பம்பாயோடு திரும்பி வந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். பத்து வருஷமாகியும் அவருக்குப் பெயர் பம்பாய் ஷேக்தான். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

புறப்பட இரண்டு நாள் இருந்தது. திருக்காட்டுப்பள்ளி ரைஸ் மில்காரர் ஒருவர் லாரியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. புது லாரிகள் கடனில் சுலபமாகக் கிடைத்த காலம். இதை விலைக்குக் கேட்க ஆள் வந்ததே பெரிது. கைமாற்றிக் கொடுக்கும் வண்டி கௌரவமாக இருக்கட்டும் என்று அன்று காலை பேட்டரியைக் கடையில் சார்ஜ் போட்டு வாங்கிவந்து மாட்டினார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து வண்டிக்கடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பேட்டரி முனையில் பூத்துக்கிடக்கும் பச்சையைக் கழுவ அம்மா வெந்நீர் கொண்டுவந்து பாலத்தோரம் நின்றார்.

அடியில் கத்தியால் சுரண்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு அத்தா வெளியே வந்தார். கையெல்லாம் கறுப்புப் பெயிண்ட் செதில். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி செல்ஃபை அழுத்தினார். ஒரே இழுப்பில் பிடித்தது. புது சார்ஜ் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். இறங்கிப் போய்ப் பானெட்டுக்குள் கையை விட்டு உறும வைத்தார். முள் எங்கே என்று கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அத்தா, பிளஸ்ஸுக்குப் போயிருச்சு."

அவர் ஏறி வந்து பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் பிளஸ் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. விட்டார், இறங்கியது. மறுபடி மிதித்தார், மறுபடி சாய்ந்தது. அத்தா போக மாட்டார். அத்தா முன்கண்ணாடி வழியாக எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

"மீட்டரும் போயிருச்சு புள்ள. பொய் காட்டுது."

"என்னங்க, சரியாயிருச்சா?" என்றார் அம்மா கீழேயிருந்து.

"இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு வெந்நீரை வாய்க்காலில் ஊற்றிவிட்டு வெறும் பாத்திரத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

அத்தா போனார். அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். தொட்டால் ஸ்டார்ட் ஆகிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போனார். இப்படியே பதினெட்டு வருஷம். என் கல்யாணத்துக்கு வந்தபோது தலை முழுக்க வெளுத்திருந்தது. அவர் முன்னால் சத்தமாகச் சிரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்குத் திருக்காட்டுப்பள்ளிக்காரரும் வந்திருந்தார். லாரி தன்னிடம் ஏழு வருஷம் மக்கர் பண்ணாமல் ஓடியதாகப் பெருமையாகச் சொன்னார். சார்ஜ் தொந்தரவு இல்லையா என்று கேட்டேன். "அதான் சாவி குடுக்கும்போதே உங்க அத்தா சொன்னாரேம்மா," என்றார். எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு அடித்த பெயிண்ட்மேலேயே எர்த் வயரை முடுக்கிவிட்டார்களாம், அதனால்தான் சார்ஜ் ஏறவில்லை, சுரண்டிவிட்டேன், இனிமேல் பேட்டரி சாகாது என்றாராம். கல்யாண வீட்டில் அழுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அழுதேன்.

அத்தா புறப்பட்டுப் போன வாரத்தில் தெருவில் யார் என்ன கேட்டாலும் நான்தான் பெரிய மெக்கானிக் மாதிரி விளக்கம் சொன்னேன்: சார்ஜும் ஏறவில்லை, மீட்டரும் கெட்டுவிட்டது, முள் பொய்யாக பிளஸ் காட்டுகிறது. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பம்பாய் ஷேக் மட்டும், எத்தனை தடவை காட்டியது என்று கேட்டார். மிதிக்கும்போதெல்லாம் காட்டியது என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தலையில் கையை வைத்தார்.

"இத இனிமே யார்ட்டயும் சொல்லாத புள்ள."

கெட்டுப்போன மீட்டரோடு லாரியை விற்றுவிட்டார் என்று அத்தாவை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.