ஆக்னஸ் கழுவிய கண்ணாடி

ஆக்னஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கழுவ வந்து விழுகிற ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் மனித உடம்பின் எந்தப் பாகம் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ரோஸ் நிறத்தில் வரிவரியாய் ஓடினால் சதை. ஒரு ஓரத்தில் மட்டும் கருநீலக் கரை போட்டிருந்தால் தோல். நாக்கு வடிவத்தில் வெளிர் ஊதாப் பூச்சு இருந்தால் ரத்தம். செகந்திராபாத்தில் லாலாகூடா ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஆஸ்பத்திரியில், பரிசோதனை அறையில் பதினோரு வருஷம் கண்ணாடி கழுவியதில் வந்த படிப்பு அது. இன்ஜினில் கரி தள்ளிக்கொண்டிருந்த புருஷன் செத்துப்போன பிறகு கிடைத்த வேலை. இதற்கெல்லாம் யாரும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை. கொடுப்பதாயிருந்தால் நானே சிபாரிசுக்குப் போயிருப்பேன்.

அவளுக்கு ஒரே மகன், தேவராஜ். நாற்பத்தொன்றாம் வருஷம் ஜூலையில் ரங்கூன் துறைமுகத்தில் வேலை என்று கிளம்பினான். போகாதே போகாதே என்று அவள் தொண்டை வற்றக் கத்தியும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனை அறை அசிஸ்டெண்ட் சிலாஸ் அவன் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, மலேரியாவா என்று பார்த்தான். ஒன்றுமில்லை, வெறும் சளிக் காய்ச்சல். பையன் சிரித்துக்கொண்டே ரயிலேறிவிட்டான்.

டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதோடு கடிதம் நின்றது. பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்த சிலர் செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். அவள் ஒவ்வொரு ரயிலுக்கும் போய் முகம் முகமாய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மகன் படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. எடுத்த ஒரே போட்டோவையும் பர்மா போகிற காகிதத்தில் ஒட்டிக்கொண்டு போய்விட்டான். பாவி, இன்னொன்று எடுத்து அம்மாவிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு நாள் சிலாஸ் பழைய பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டான். "ஆக்னஸம்மா, உங்க தேவராஜோட ஸ்லைடு இன்னும் இங்கதான் கெடக்கு."

அவள் கையிலிருந்த துணி நழுவித் தண்ணீரில் விழுந்தது. "காட்டு தம்பி."

"அதுல நீங்க என்னத்தப் பாப்பீங்க?"

"எம் புள்ளையப் பாப்பேன். காட்டுன்னா காட்டேன்!"

மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தாள். முதலில் அவள் இமைதான் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு கூட்டம் வந்தது. நடுவில் விரலால் அமுக்கிய அப்பம்போல் ஆயிரம் ஆயிரம் சின்ன வட்டங்கள். அவை சிவப்பு அணுக்கள், மூச்சுக் காற்றை உடம்பெல்லாம் சுமந்து போகிறவை என்றான் சிலாஸ். நடுநடுவே ஊதா வயிற்றோடு பெரிசாய் ஒன்றிரண்டு. அவை நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள். தூசிமாதிரி சிதறிக் கிடப்பவை, காயம் பட்டால் ஓடிப்போய் ரத்தத்தை நிறுத்துபவை.

"சண்டை போடறது நெறைய இருக்கா தம்பி?"

"வேணுங்கற அளவு இருக்கும்மா."

"அப்ப சரி" என்றாள். அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் அவளுக்கு ஒரு தடவை பார்க்கக் கொடுப்பது சிலாஸுக்கு வழக்கமாகிவிட்டது.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் வந்தது உத்தரவு. சண்டையால் சீமைக் கண்ணாடி வரத்து நின்றுபோனது. பழைய ஸ்லைடுகளையெல்லாம் கழுவித் திரும்ப உபயோகிக்க வேண்டும். மலேரியா கண்ட ஸ்லைடுகள் மட்டும் ரிக்கார்டுக்கு இருக்கட்டும். ஒன்றும் காணாதவை தொட்டிக்குப் போகட்டும்.

நல்ல ரத்தமெல்லாம் கழுவப்படும், கெட்ட ரத்தமெல்லாம் பீரோவில் இருக்கும். நியாயத்தைப் பார்த்தீர்களா!

அன்று ராத்திரி ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே ஆக்னஸ் நினைத்தாள்: அவனுக்குக் கொஞ்சம் மலேரியா இருந்திருக்கக் கூடாதா? நினைத்த மறுகணமே பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது!

காலையில் சிலாஸிடம் கெஞ்சினாள். அவன் தலையைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரி சொத்தும்மா. ஒண்ணு பண்ணலாம். சண்டைக்குப் போற நர்ஸ் பொண்ணுங்களுக்கு இங்க கிளாஸ் வைக்கிறாங்க. பாடத்துக்குன்னு ஒரு பெட்டி இருக்கு. தோல், எலும்பு, சதை, நரம்பு எல்லாம் இருக்கு, ரத்தம் மட்டும் ஒடஞ்சுபோச்சு. அதுல உங்க பையனோடத வச்சுட்டா யாரும் கழுவ மாட்டாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் எண்ணெய் விட்டுப் பாத்துட்டுத் தொடைப்பாங்க. தேஞ்சுதான் போகும்."

"எவ்வளவு நாள் வரும்?"

"ஒரு வருஷம் வந்தா பெரிசு."

"ஒரு வருஷத்துல அவன் வந்துடுவான். வை."

வகுப்பு நடக்கும்போது அவள் துடைக்கிற சாக்கில் வாசலோரம் நின்று கேட்பாள். உடம்பை மூடுவது ஒரு வகை, அசைப்பது ஒரு வகை, சேதி கொண்டுபோவது ஒரு வகை, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவது ஒரு வகை. ரத்தமும் அந்தச் சேர்த்துக் கட்டும் வகையில்தான் சேரும் என்று டாக்டர் சொன்னார். எங்கே கட்டுகிறதாம், என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை எங்கேயோ, நான் இங்கே!

ஒரு வருஷம் ஓடியது. மூன்று செட் பெண்கள் பார்த்துத் துடைத்துப் போனார்கள். தேவராஜ் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் கண்ணை வைத்தபோது கூட்டம் இல்லை. கீறல்கள்தான் இருந்தன, ஓரத்தில் நாலைந்து வட்டங்கள் மங்கலாய் நின்றன. அந்த நாலைந்தையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் புதுசா ஒண்ணு போடச் சொல்லிட்டாரும்மா" என்றான் சிலாஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். "இத நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கல."

"நக்கோ" என்றாள். லாலாகூடாவில் இருபது வருஷம் இருந்தவளுக்கு மனம் உறைந்தால் வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ச் சொல்தான் வரும். "வெறுங்கண்ணாடிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

தொட்டியடிக்குப் போனாள். ஸ்லைடைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மற்றவற்றை முரட்டுத் துணியால் தேய்ப்பவள் இதை மட்டும் விரல் நுனியால் தடவித் தடவிக் கழுவினாள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிறமாதிரி. வெயிலில் காயவைத்து எடுத்து வந்து சிலாஸ் முன்னால் வைத்தாள். இடது கை விரலை நீட்டினாள்.

"குத்து. என் ரத்தத்த எடுத்து இதே கண்ணாடியில போடு."

சிலாஸ் குத்தினான். சாயம் காய்ந்ததும் முதலில் அவளையே பார்க்கச் சொன்னான். அதே அப்பங்கள், அதே ஊதா வயிற்றுக்காரர்கள், அதே தூசி. போன வருஷம் பார்த்ததற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த செட்டில் ரயில் ஓட்டுநர் ஒருவரின் மகள் ராஜம் வந்திருந்தாள், வாய் ஓயாத பெண். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி வாசலில் நின்றவளைக் கேட்டாள்.

"ஆயா, எவ்ளோ நல்லா இருக்கு இந்த பிளட்! யாரோடது இது?"

ஆக்னஸ் குத்தின விரலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எம் புள்ளையோடதுமா" என்றாள். "மெதுவாத் தொடை."