அம்மா என்னைக் கூப்பிடாத நாட்கள்

எஸ்டேட்டில் எங்கள் லைன் வீடுகளுக்குக் கழிப்பறை கிடையாது. பொழுது சாய்ந்ததும் அம்மா காப்பிச் செடிகளுக்குள் ஒதுங்கப் போவாள், துணைக்கு நான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் எந்தச் செடி அசைந்தாலும் எனக்குக் காட்டெருமைதான். எட்டு வயதுக்காரியைப் பார்த்துக் காட்டெருமை பயந்து ஓடும் என்று அம்மா எப்படி நம்பினாளோ.

பழம் பறிக்கிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் லைனில் மாத்திரையை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. ஊசி குத்தினால்தான் வைத்தியம். பைக்கில் வரும் ஊசிக்காரர் ஒருவர் இருந்தார். ஏதோ ஆஸ்பத்திரியில் கட்டுப் போடப் பழகியவர்.

“நல்ல பவரா போட்டு உடுங்க. வேலைக்குப் போவோணும்” என்றாள் அம்மா.

காய்ச்சல் விட்ட பிறகும், தெம்புக்கென்று அதே ஊசி தினமும் தொடர்ந்தது. அம்மாவின் முகம் பளபளவென்று உப்பியது. நன்றாகத் தேறிவிட்டாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கும் அவள் அழகாகத்தான் தெரிந்தாள். அதைவிடப் பெரிய சந்தோஷம், ஒதுங்கப் போக அவள் என்னைக் கூப்பிடுவதே நின்றுபோனது. சாமிக்கு நன்றி சொன்னேன்.

பிறகு வாந்தி. மூச்சு வாங்கியது. அப்பாவையே யாரோ போலப் பார்த்தாள். ஜீப் பிடித்துச் சேலத்துக்கு இறங்கினோம். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்திருந்தேன். வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. அம்மா செத்துப்போய்விடுவாளா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நடந்துவிடும் என்று பயம்.

கடைசியாக எப்போது மூத்திரம் போனாள் என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு நாளா என்னையக் கூப்புடவே இல்லீங்க” என்றேன், நல்ல சேதி சொல்வதைப் போல.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. என்ன ஊசி என்று அப்பாவிடம் துருவி விசாரித்தார். அந்த மருந்து கிட்னியை அடித்துவிட்டது என்றார். அம்மாவை ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் இருந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவுக்கு வெளியிலேயே கிடந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஒரு காலையில் நர்ஸ் வந்து ஒரு பிளாஸ்டிக் குவளையைக் காட்டினார். அடியில் கொஞ்சம் மஞ்சள் நீர்.

“ஒண்ணுக்குப் போயிட்டாங்க.”

அப்பா அந்தக் குவளையைக் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லார் முன்னாலும் ஏங்கி ஏங்கி அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதற்குப் போய் ஒரு மனுஷன் அழுவாரா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.