பொங்கல்படியில் வந்த ஊசிமருந்து

அம்மாவின் சர்க்கரை வியாதி குணமாகிவருகிறது என்ற நல்ல செய்தியை முதன்முதலில் வெளியே சொன்னவள் நான்தான். அப்போது நான் நாலாம் வகுப்பு. சொன்னது மாமாவிடம்.

அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்தது. தாராவியில் எங்கள் அறையில் பிரிட்ஜ் கிடையாது. அம்மா ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனா தெருமுனைப் பால்கடைக்காரர் பையாவின் பிரிட்ஜில், தயிர்ப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும். அதை வாங்கி வருவதும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. காலையில் ஒரு நடை, இருட்டியதும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நடை. வரிசையில் நிற்கிற பெரியவர்களையெல்லாம் தாண்டி நான் கை நீட்டினால் பையா முதலில் எனக்குத்தான் எடுத்துத் தருவார். அந்த ஒரு காரியத்தில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

தீபாவளி கழிந்து சில நாட்களில் அம்மா இரண்டாவது நடையை நிறுத்திவிட்டாள். "காலையில போட்டதே போதும்ட்டி" என்றாள். பாதி வியாதி போய்விட்டது, மீதியும் போய்விடும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். சாயங்காலமானால் சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணை மூடிக்கொள்வாள். குணமாகிறவர்களுக்கு ஓய்வு வேண்டும்தானே.

மாமா, அம்மாவின் தம்பி. சைக்கிளில் இட்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றி விற்பவர். வியாபாரம் முடிந்து வீடு திரும்பும் வழியில் எங்கள் அறையில் ஒரு டீ குடிப்பார். அன்று அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பாவுக்குத் தெரியுமாட்டி?"

தெரியாது என்றேன். முழுசாகக் குணமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா நினைத்திருப்பாள் என்றும் விளக்கினேன்.

எனக்கு விளங்காதது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பேனாவை எழுதிக் கொடுத்தவர் தனியார் டாக்டர். அதன் விலை எங்களுக்கு மலை. ஆபீஸ்காரர்களுக்கு மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளக் காப்பீட்டு அட்டை உண்டு. அப்பா தோல் பை தைக்கிற கார்கானாவில் தீபாவளிக்கு ஒரு டப்பா மிட்டாய் உண்டு, அவ்வளவுதான். அந்த வருஷம் ஆர்டரும் மந்தம். அதனால் அம்மா ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாமா வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் அப்பாவைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஒருமுறை மாமா கேஸ் சிலிண்டருக்குப் பணம் கொடுத்துவிட்டார் என்று அப்பா பல மாதம் அவரோடு பேசாமல் இருந்தார். மச்சினன் கையில் வாங்கித் தின்றால் மானம் போய்விடும் என்பது அவர் கட்சி.

மறுவாரம் மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். தனக்கும் சர்க்கரை இருக்கும்போலத் தெரிகிறது, சர்க்கார் ஆஸ்பத்திரியில் மராத்தியில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, துணைக்கு வா என்று அம்மாவைக் கூப்பிட்டார். தாராவியில் பிறந்து வளர்ந்து, பாதி பம்பாய்க்கு இட்லி விற்கிற மனிதருக்கு மராத்தி வராதாம். தம்பிக்கும் வந்துவிட்டதே என்ற பயத்தில் அம்மா அதைக்கூட யோசிக்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன்.

எங்கள் முறை வந்ததும் மாமா அம்மாவின் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். சீட்டில் இருந்ததும் அம்மாவின் பெயர்தான். பிறகு பழுதில்லாத மராத்தியில், அக்கா ராத்திரி ஊசி போடுவதில்லை என்பது வரை எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தார். ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா அம்மாவைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். இப்படியே போனால் கண்ணும் சிறுநீரகமும் என்னாகும் தெரியுமா என்று கேட்டார். நான் வேஃபர்ஸ் தின்றுகொண்டு, குணமாகிவருகிற ஒருத்தியை இந்தம்மா ஏன் திட்டுகிறாள் என்று முறைத்தேன்.

திட்டி முடித்துவிட்டு அவர் பேனாவை மாற்றி, சின்னக் கண்ணாடிப் புட்டியில் வரும் இன்சுலினை எழுதினார். கம்பெனிப் பெயர் போடாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதினார். எவ்வளவு போட வேண்டும், எந்த ஊசியால் போட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டியும் கொடுத்தார். செம்பூரில் இருக்கிற மலிவு மருந்துக் கடையில் கேளுங்கள், பேனா விலையில் கால்வாசிகூட இருக்காது என்றார்.

வெளியே வந்ததும் அம்மா மாமாவின் முதுகில் ஒன்று வைத்தாள். "நீ ஒண்ணும் வாங்கிட்டு வந்துராதல. அவியளுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும். நானே சொல்லுதேன்."

அம்மா சொல்லவில்லை. அதற்குள் பொங்கலும் வந்துவிட்டது. முந்தின நாள் மாமா என் பள்ளிக்கூடத் தண்ணீர் பிளாஸ்கை இரவல் வாங்கிக்கொண்டு போனார். என்னத்துக்கு என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பொறந்த வீட்டுப் பொங்கல்படி என்பது சாமானியமான விஷயமில்லை. அக்கா தங்கைக்குக் கூடப்பிறந்தவன் வருஷாவருஷம் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை வந்த பிறகும் மாமா கரும்பும் வெல்லமும் கொண்டுவந்தார், அம்மாவும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். படியை வேண்டாம் என்றால் உறவையே வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

பொங்கலன்று தெரு முழுக்க அடுப்பும் பானையும். மாமா கரும்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி, தாம்பாளத்தோடு வந்து இறங்கினார். தாம்பாளத்தில் வெல்லம் இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் இலைக்கு நடுவில், என் பிளாஸ்க் நின்றது.

அப்பா அதைத் திறந்து பார்த்தார். உள்ளே குளிர்ச்சியாக, துணி சுற்றிய சின்னப் புட்டிகள்.

"இது என்னதுல?"

"அத்தான், அக்கா ராத்திரி ஊசிய நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. இது தம்பி குடுக்குத படி. வேண்டாம்னு சொல்லுவியளா?"

பக்கத்துப் பானைக்காரிகள் எல்லாரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பானையைப் பார்த்தாள். பிறகு அப்பா வேட்டியை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். "சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மாதாமாதம் செம்பூர்க் கடைக்கு அப்பாதான் பிளாஸ்கோடு போனார். அம்மா இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள், தாம்பாளத்தில் இன்றைக்கும் ஒரு பிளாஸ்க் வருகிறது.

ஆனால் அன்று நடந்ததில் எனக்கு மட்டும் சந்தோஷமில்லை. பொங்கல் சாப்பிட்டு விளக்கு வைத்த நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு, பையாவின் பிரிட்ஜில் வைத்த புட்டியை வாங்கி வரச் சொன்னாள். நின்றுபோயிருந்த நடை. நான் அழுதுகொண்டே போனேன். பாதி குணமாகிவிட்ட அம்மாவுக்குப் பழையபடி வியாதியைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாமாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வந்தபோது அவர் என் பங்குக் கரும்பைத் துண்டு போட்டு நீட்டினார். நான் தொடவில்லை.