பொன்னனுக்கு மவுத்து வீடு நடத்தியவன்

என் எழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கின்றன. சில கோட்டை விட்டே இறங்கிவிட்டன. ஐம்பது வருடம் தறியில் நாடா ஓட்டிய கைக்குப் பென்சில் கிடைத்துப் பத்து மாதம்தான் ஆகிறது. "நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தாறன்" என்று நம் வாசிகசாலை மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் சினேகிதன் ஆதம்பாவாவைப் பற்றி இன்னொருவர் கையால் எழுதுவதென்றால் நாங்கள் இருவரும் இந்த வயதில் படிக்கப் போனதற்கே அர்த்தமில்லை. வாசிகசாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களோடு வாங்குப் பலகையில் அமர்ந்து படித்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நானே வாசித்தும் காட்டுவேன்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்றும் மாஸ்டர் சொன்னார். என்னால் ஏலவில்லை. அவன் என்றுதான் எழுத வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை நான் தறியில் இருந்தேன். பக்கத்தில் ஆதம்பாவாவின் தறி காலியாக இருந்தது. அவன் ஒருநாளும் என்னைவிடப் பிந்தி வந்ததில்லை. அவனுடைய மருமகன் வாசலில் வந்து நின்று, "ஒரு மவுத்துச் செய்தி..." என்று சாவுச் செய்தி சொல்ல வந்தவர் போலத் தொடங்கினார்.

நான் முடிக்க விடவில்லை. "எந்தப் புத்தகத்தில?" என்று கேட்டுச் சிரித்தேன்.

எங்கள் இருவருக்குள்ளும் இரண்டு நாளாக ஒரு மனத்தாங்கல். அதைத் தீர்க்கத்தான் மருமகனை அனுப்பிப் பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். மனம் குளிர்ந்துபோயிருந்தது. மருமகன் சிரிக்கவில்லை. "மாமாதான்" என்றார். "சுபஹுத் தொழுதிட்டு வந்து படுத்தார். எழும்பல்ல."

சிரித்த வாயை எப்படி மூடினேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை உங்களில் பாதிப் பேர் அறிவீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில், படிக்க வந்த கதை. அதற்கு முழுக் காரணமும் அவன்தான். வாசிகசாலையில் பெரியவர்களுக்கு வகுப்புத் தொடங்குகிறதாம் என்று ஒருநாள் தறிக் கொட்டிலுக்குள் வந்து சொன்னான்.

"நமக்கென்னத்துக்கு மச்சான்? கப்றுக் குழிக்குள்ள கேள்வி கேக்க வாற மலக்குகள் வாசிக்கவா சொல்லப் போறாங்க?" என்றேன்.

"அங்க சொல்லமாட்டாங்க. இங்க கலியாணக் காயிதம் வந்தா ஆரும் சொல்லித்தானே எந்த வீட்டுக்குப் போறதெண்டு தெரியுது ஒனக்கு? போன மாசம் பிழையான வீட்டில போய்ச் சாப்பிட்டிட்டு வந்தவன் நீ."

அது உண்மை. நல்ல சாப்பாடுதான், ஆனாலும் உண்மை. அடுத்த நாளே போனேன். என் பெயரை நானே முதன்முதல் எழுதிய அன்று, அந்தச் சிலேட்டை வீட்டுக்கு எடுத்துப் போக மாஸ்டரிடம் அனுமதி கேட்டேன். வழியெல்லாம் அழியாமல் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆதம்பாவா எனக்கு முன்னால் நடந்து, எதிரே வந்த சைக்கிள்காரர்களை எல்லாம் "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, எழுத்து வருது!" என்று விரட்டினான்.

அவனுடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் நூல் சரியாக வராமல் பாதித் தறிகள் நின்ற வருடம், அவன் இறக்காமத்துக்குப் போய் வயலில் காவல் இருந்தான். பரணில் நின்று யானைகளைச் சத்தம் போட்டு விரட்டும் வேலை. பதினாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவனுக்கு மெல்லப் பேசுவது மறந்துபோயிருந்தது. சலாம் சொன்னாலும் யானைக்குச் சொல்வது போலத்தான் சொல்வான். வாசிக்கப் பழகிய பிறகு அந்தக் குரலில்தான் வாசித்தான்.

ஆறு மாதம் போனதும் மாஸ்டர் எங்களுக்கு ஒரு நாவல் தந்தார். அட்டையும் பெயர் இருந்த தாளும் கிழிந்துபோன புத்தகம். தன் வாப்பா காலத்திலேயே பேர்போன கதை என்று சொன்னார். இரண்டு சினேகிதர்கள், மாரியும் பொன்னனும். மழை பொய்த்து, ஊரில் வாழ வழியில்லாமல் வேலை தேடி நடக்கிறார்கள். நாங்கள் அதைக் கொட்டிலில் வைத்துப் படித்தோம். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் தறி அடிப்பார். பிறகு மாறிக்கொள்வோம். பக்கம் தவறாமலிருக்க, எனக்குச் சிவப்பு நூல், அவனுக்கு நீல நூல். "ஒராள் முந்திப் போகப்படாது" என்பது அவன் போட்ட சட்டம். தன் தறியில் இழை அறுந்தால்கூட என்னையும் படிப்பை நிறுத்தச் சொல்லிவிடுவான்.

கதையில் பொன்னனுக்குக் காலில் புண் வந்து நடக்க ஏலாமல் போகிறது. ஒரு வழிப்போக்கர் மடத்தில் அவனைப் படுக்கவைத்துவிட்டு, விடியும் முன் மாரி எழுந்து போய்விடுகிறான். எங்கே போகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொன்னன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். புத்தகம் முடிய ஒரு அத்தியாயம் இருக்கையில் அப்படியே கிடந்து சாகிறான்.

அந்த இடத்தைப் படித்தது ஆதம்பாவா. ஞாயிற்றுக்கிழமை, லுஹர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். படித்து முடித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "இன்னாலில்லாஹி வஇன்னாஇலைஹி ராஜிஊன்" என்று மவுத்துச் செய்தி கேட்டால் சொல்வதைச் சொன்னான். யானைக் குரலில்.

தெரு முழுவதும் கேட்டது. பக்கத்துக் கொட்டில்களில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசலில் பதினைந்து பேர். ஒருவர் பாயோடு வந்திருந்தார். இன்னொருவர் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஆர் மவுத்து?"

"பொன்னன்" என்றான் ஆதம்பாவா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பொன்னனா? எந்த ஊரான்?"

"ஊர் எழுதல்ல."

விஷயம் விளங்கியதும் பாயோடு வந்தவர் அந்தப் பாயாலேயே எங்களை அடிக்கப் பார்த்தார். எல்லோரும் ஏசிவிட்டும் சிரித்துவிட்டும் போனார்கள். ஆனால் பின்வீட்டு ராத்தாவுக்கு உண்மை போய்ச் சேரவில்லை. மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று அவர் சோறும் பருப்பும் ஆக்கிச் சட்டியோடு அனுப்பிவிட்டார். நான் வெட்கத்தில் திருப்பி அனுப்பப் பார்த்தேன். ஆதம்பாவா விடவில்லை.

"பொன்னனுக்கு ஆர் இரிக்கா மச்சான்? உம்மா வாப்பாவும் இல்ல. சினேகிதனும் பக்கத்தில இல்ல. அப்ப நாமதான் மவுத்து வீடு. இரி, சாப்பிடு."

இருந்தோம், சாப்பிட்டோம். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது நான் வாயைத் திறந்தேன். புத்தகம் முடிந்ததும் ஆளுக்கொரு தாள் எழுத வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார் அல்லவா? மாரி செய்தது சரியா, பிழையா என்பதுதான் கேள்வி.

"நான் இப்பவே எழுதிருவன். மாரி துரோகி. திரும்பி வரமாட்டான்" என்றேன்.

"வருவான்" என்றான் அவன்.

"எப்ப? நீ வந்த மாதிரி எல்லாம் முடிஞ்ச பொறகா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பதினோரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. நூல் வராத அந்த வருடம் அவன் என்னிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு காலை வந்து பார்த்தால் பக்கத்துத் தறியில் ஆள் இல்லை. என் வீட்டில் ஏழு வாய். அவன் திரும்பி வந்த பிறகு பழையபடி பக்கத்தில் இருந்து நெய்தோம், சிரித்தோம், கதைத்தோம். ஏன் போனாய் என்று அவனை ஒருநாளும் நான் கேட்கவில்லை.

அவன் எச்சில் சட்டியைக் கழுவி ராத்தாவின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். திங்கட்கிழமையும் வந்தான், தறி அடித்தான். இருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்று, "கடைசி அத்தியாயத்த நீ படி, நான் தறி அடிக்கிறன். முந்திப் படிச்சிராத" என்றான். அன்று ஒருநாள்தான் அவன் மெல்லப் பேசிக் கேட்டேன்.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள், அவனுடைய மகள் சுபைதா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "வாப்பாட கொப்பி, மாமா. திங்கக்கிழமை பின்னேரம் பூரா எழுதிக்கிட்டிருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியா. நீங்க வாசிங்க" என்றாள். நான் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவளுக்குக் கேட்க வாசித்தேன். சுபைதாவிடம் இரவல் வாங்கி வந்த அந்தக் கொப்பியைப் பார்த்து அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"மாரி சொல்லாமல் போனது பிழை. ஆனால் சொன்னால் பொன்னன் விடமாட்டான். இது எனக்குத் தெரியும். நூல் இல்லாத வருடம் நானும் சொல்லாமல் போனேன். என் பங்கு நூலை மச்சானுக்குக் கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனேன். மச்சானுக்குத் தெரிந்தால் அவன் எனக்குப் பாதி தருவான். பிறகு இரண்டு தறியும் நிற்கும். மாரி"

அவ்வளவுதான். மாரி என்பதோடு நிற்கிறது.

அந்த வருடம் முதலாளி எனக்கு மட்டும் இரண்டு பங்கு நூல் தந்தார். என் கைவேலையின் சிறப்புக்குத்தான் தருகிறார் என்று நான் நினைத்தேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமையும் பட்டேன். ஆதம்பாவாவிடமே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! அவன் ஒவ்வொரு தரமும் "ஓம் மச்சான், ஒன்ட கைதான் கை" என்பான். என் பிள்ளைகள் அந்த வருடம் தின்ற சோற்றுக்காக ஒருவன் இறக்காமத்துப் பரணில் நின்று யானைகளோடு கத்திக்கொண்டிருந்தான். அந்தக் குரலைத்தான் நான் பதினோரு வருடம் பகிடி பண்ணினேன்.

சுபைதாவுக்கு வாசித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், கூடவே பெரிய சந்தோஷமும் வந்தது. படிக்கப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கொப்பி யாரோ கடலை சுற்றிக் கொடுக்கும் தாளாகப் போயிருக்கும். அவன் சொல்ல நினைத்தது எனக்கு வந்து சேர்ந்தது. அவன் எழுதினான், நான் வாசித்தேன். இரண்டு கிழவர்களும் பத்து மாதம் வாங்கில் முதுகு நோக உட்கார்ந்தது வீண்போகவில்லை.

மாஸ்டர், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சொல்லாமல் போனது பிழை என்று மாரியின் பக்கம் நிற்கிறவனே எழுதிவிட்டான், அதில் எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லை. திரும்பி வந்தவனிடம் ஏன் போனாய் என்று கேட்காமல் பதினோரு வருடம் பக்கத்தில் இருந்தது அதைவிடப் பிழை. என் தாளில் முன்பே எழுதிவைத்த துரோகி என்ற சொல்லை நான் அடித்துவிட்டேன். அடித்த கோடு தாளில் தெரியும், தெரியட்டும்.

அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நீல நூல். புத்தகத்தில் சிவப்பும் நீலமும் ஒரே பக்கத்தில், கடைசி அத்தியாயத்தின் தொடக்கத்தில் கிடக்கின்றன. அவன் முந்திப் படிக்கவில்லை. நானும் இதுவரை படிக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை அதை வாசிகசாலையில் உங்கள் எல்லோருக்கும் முன்னால் படிப்பேன். தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே படிப்பேன், யாரும் பாயோடு வந்துவிட வேண்டாம். அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய், ஆதம்பாவாவின் கொப்பியில் 'மாரி' என்று நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வந்தானா, வரவில்லையா என்ற அடுத்த சொல்லை என் கோணல் எழுத்தில் எழுதுவேன்.