வெயிலில் வைத்த ஆறு பேசின்

ஆய்வகத்து விளக்கு பழுதாகிவிட்டது. சூரியன் சும்மாதானே இருக்கிறது, சோதனையை வீட்டிலேயே செய்து எடுத்து வா என்றார் என் விரிவுரையாளர். ஞாயிறு காலைக்குள் சோதித்த தண்ணீர் அவர் கைக்கு வந்தால் கருத்தரங்குப் பட்டியலில் என் பெயர். இல்லையென்றால் அடுத்த வருஷம். எனக்கு அடுத்த வாரமே தாங்காது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, பாலிங் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்பில், வீட்டு வாசலில் ஆறு பேசின்களை வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் ஆற்றுத் தண்ணீர், அதில் கரைத்த காய்ச்சல் மாத்திரை. மூன்றில் மட்டும் ஒரு வெள்ளைப் பொடி. வெயில் பட்டதும் அது தண்ணீரிலுள்ள மருந்தையும் கிருமியையும் உடைத்துப்போடும். தான் மட்டும் தேயாது. இப்படியொரு வேலையாளை எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாது.

சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆறிலும் வேப்பிலை மிதந்தது. மஞ்சள் வேறு. பக்கத்து வீட்டு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்ற இப்படித்தான் வெயிலில் தண்ணீர் வைப்பார்கள். வேப்பிலையை நாங்கள் மறந்துவிட்டதாக நினைத்து அவரே போட்டுவிட்டார்.

"தங்கச்சி, வீட்டுல யாருக்கு ஆத்தா வந்திருக்கா?"

யாருக்கும் இல்லை, தண்ணீரில் கலந்த மருந்தை அழிக்கிறேன் என்றேன்.

"மருந்த எதுக்கு அழிக்கணும்? காசு குடுத்து வாங்குனது லா."

விழுங்கும் மாத்திரை முழுக்க உடம்பில் தங்காது, மிச்சம் கழிவறை வழியாக ஆற்றுக்குத்தான் போகிறது என்று விளக்கினேன். அக்கா யோசித்தார்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு தூண்டில் போட்டுப் புடிக்கிற மீனுக்குத் தலைவலியே வராது."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஆறு பேசினும் பாழ்; இன்னும் ஒரு பேசினுக்குத்தான் பொடி மிச்சம். கையிலிருப்பது சனிக்கிழமை வெயில் ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து எங்கள் வாசலில்தான் பிள்ளைகளின் பந்தாட்டம், கோழிகளின் ஊர்வலம். நாளைக்கு ஓர் ஈகூட அண்டாது, அதற்கு நான் பொறுப்பு என்றார் அக்கா.

சொன்னபடியே செய்தார். பொடி போட்ட பேசின் ஒன்று, போடாதது ஒன்று. ஐந்து மணி நேரம் யாருமே வரவில்லை. ஐஸ்கிரீம்காரர்கூட மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். தோட்டமே அறிவியலை மதிக்கத் தொடங்கிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிறு விடியுமுன் கிளம்பி, போத்தல்களைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு, மாலையில் திரும்பினேன். அம்மா என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே இழுத்தார். எனக்கு அம்மை, அதுவும் கடுமையாக, என்று அக்கா வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறார். முன்வாசலில் நான்கு பெண்கள் இளநீரோடு நின்றிருந்தார்கள்.

"படு," என்றார் அம்மா. "இல்லாட்டி அவ பொய்க்காரி ஆயிடுவா."

கழுத்துவரை போர்த்திக்கொண்டேன். முகத்தில் ஒன்றையும் காணோமே என்று ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"உள்ளுக்குள்ள போட்டிருக்கு," என்றார் அக்கா.

அப்போது போர்வைக்குள் கைப்பேசி அதிர்ந்தது; விரிவுரையாளரின் செய்தி. பொடி போட்ட தண்ணீரில் மருந்து ஏறக்குறைய காணாமல் போயிருந்தது, கிருமியும்தான். பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. அம்மை கண்டவள் எழுந்து குதிக்க முடியுமா? கால்கள் மட்டும் போர்வைக்குள்ளேயே குதித்தன.

"பாருங்க, குளிரு," என்றார் அக்கா, வாசலைப் பார்த்து.