புதன்கிழமை நாலாவது பீரியட்

அந்தப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆசிரியர்கள். யார், எந்த நாள், எந்த வகுப்பில் நிற்க வேண்டும் என்று பதினோரு வருடமாக அவர்கள் தலையெழுத்தை எழுதிவருபவர் கணக்கு சார். முப்பத்தெட்டுப் பேரின் புலம்பலையும் சிரித்துக்கொண்டே கேட்பார். ஒரே ஒரு பழிக்குத்தான் நடுங்குவார்: தனக்குச் சாதகமாகப் போட்டுக்கொண்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏனென்றால் அதே பள்ளியின் அறிவியல் டீச்சர் அவர் மனைவி.

டீச்சர் கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு பீரியட், இருவருக்கும் வகுப்பில்லாமல். வீட்டில் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது. அங்கே இருவருக்கும் நடுவில் மூன்று பிள்ளைகளும் திருத்தாத விடைத்தாள்களும் உட்கார்ந்திருக்கும்.

"பக்கத்து கிளாஸ்ல கத்துறீங்க, குரல் கேக்குது. ஆளைத்தான் பார்க்க முடியல. இந்த வருஷமும் இல்லேன்னா நான் வேற ஸ்கூல் பார்த்துக்கறேன். அங்க நீங்க இல்லைன்னாவது தெளிவா தெரியும்" என்று சொல்லிவிட்டார். விளையாட்டில்லை, நிரப்பிய விண்ணப்பம் பையில் இருந்தது.

திங்கள் காலை அட்டவணை தலைமையாசிரியையின் மேசையில் இருக்க வேண்டும். இந்த முறை காகிதம் கூடாது, கம்ப்யூட்டரில்தான் என்று உத்தரவு. சாரின் லேப்டாப்போ உள்ளங்கை அகலம். மூன்று நாள் தெரிந்தால் மிச்ச மூன்று நாள் தெரியாது. வெள்ளிக்கிழமையைச் சரிசெய்வதற்குள் செவ்வாய்க்கிழமை மறந்துபோகும்.

ஞாயிறு காலை டீச்சரின் தம்பி, தன் கடையில் ஓரங்கட்டிய பழைய ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரை மூச்சு வாங்கத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். திரையும் மூளையும் ஒரே உடம்பில் இருக்கிற ரகம்.

"மாமா, ஒரு கேபிளைச் சொருகினா இது ரெண்டாவது திரை. அவ்வளவுதான்!"

சொருகினார்கள். இருட்டு. கழற்றிச் சொருகினார்கள். தட்டினார்கள். அரை மணி கழித்துத்தான் தம்பிக்கு உறைத்தது.

"மாமா, இந்த ஓட்டை படத்தை வெளியதான் அனுப்பும். உள்ள வாங்காது."

"சொல்லும், கேட்டுக்காதுன்னு சொல்லு. உங்க அக்கா மாதிரி."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கையைத் துடைத்தபடி வந்த டீச்சர், கம்பியே இல்லாமல் வைஃபை வழியாகச் சேர்க்க முடியும் என்று கண்டுபிடித்தார். பழைய திரையில் ஒரு கேள்வி எழுந்தது: அனுமதிக்கலாமா? "சரி" என்பதைத் தட்டினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் பழைய திரையில் பளிச்சென்று வந்து நின்றன.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுவதும் ஒரே பார்வையில்! அம்புக்குறி முதலில் இடப்பக்கம் போகச் சொன்னால் வலப்பக்கம் ஓடியது. தம்பி அதைத் திருத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பினான். அப்புறமும் கை அசைந்து ஒரு நொடி கழித்துத்தான் பழைய திரையில் அசைந்தது. அதனால் என்ன? ஓவிய டீச்சருக்குத் தொடர்ந்து விழுந்திருந்த ஐந்து பீரியடைப் பிரித்தார், தொடையில் தட்டிக்கொண்டார், சீட்டியடித்தார். நடுநடுவே இணைப்பு அறுந்து திரை மறுபடி அனுமதி கேட்கும். அதற்கென்றே டீச்சர் பீன்ஸ் நறுக்கியபடி அந்தத் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பார்த்தார். புதன், நாலாவது பீரியட். கணக்கு சார்: காலி. அறிவியல் டீச்சர்: காலி. கத்தி நின்றது. வாயைத் திறப்பதற்குள் அம்புக்குறி மெல்ல ஊர்ந்துவந்து டீச்சரின் காலிக் கட்டத்தைக் கவ்வியது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"ஒண்ணா விழுந்திடுச்சு. கலைச்சிடறேன்."

"இதுக்கு முன்னாடியும் விழுந்திருக்கா?"

சாருக்குப் பொய் வராது. "வருஷா வருஷம் விழும்."

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து முட்டின, சிரிப்பு முந்திக்கொண்டது. இணைப்பைத் துண்டித்தார். மூன்று நாளும் ஓடிப்போய் லேப்டாப்பில் மற்ற மூன்றின் மேல் விழுந்தன. சார் பதறி மறுபடி இணைத்தார். அனுமதிக்கலாமா? டீச்சர் "வேண்டாம்" என்பதைத் தட்டினார். இன்னொரு முறை. வேண்டாம். மூன்றாம் முறையும் வேண்டாம்.

"யாராவது ஏதாவது சொல்வாங்கம்மா."

"சொல்லட்டும். வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்கிற மனுஷனோட குடித்தனம் நடத்தறேனே, அதைவிடவா?"

சார் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தார். "சரி. அந்தக் கட்டத்தைத் தொடல."

டீச்சர் அனுமதித்தார்.

மறுநாள் தலைமையாசிரியையின் சிவப்புப் பென்சில் கட்டம் கட்டமாக நகர்ந்து புதன்கிழமையில் நின்றது. சார் முந்திக்கொண்டார்.

"யாருக்கும் ஒரு பீரியட் கூடல, குறையல மேடம்."

"அது தெரியுது சார். இத்தனை வருஷமா ஒரு தடவைகூட ஏன் இப்படி வரலேன்னுதான் யோசிச்சேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை ஆசிரியர் அறையில் இருவர் மட்டும். பழக்கதோஷம், இருவருமே விடைத்தாள் கட்டைப் பிரித்தார்கள். டீச்சர் எட்டி அவர் பேனாவைப் பிடுங்கி மூடினார். செடி கொட்டாவி விடுமா என்று ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டதையும், அதன்பின் வகுப்பே கொட்டாவி விட்டதையும் நடித்துக் காட்ட ஆரம்பித்தார். சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மணி அடித்தது இருவர் காதிலும் விழவில்லை.

வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார். "சார், அஞ்சாவது பீரியட் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷமாச்சு. ரெண்டு கிளாஸும் கூரையைப் பிரிக்குது."

கணக்கு சார் எழுந்திருக்கவில்லை. "ஒரே நிமிஷம் மேடம்" என்றார். "இவ முடிக்கட்டும்."